மன்னார்க் கணக்கு

எனக்கு வலது காது சரியாகக் கேட்காது. பிறவிக் குறை இல்லை. பௌதிகவியலில் எஃப் எடுத்ததற்காக என் வாப்பா அடித்த அடியில் வந்தது. அவர் பாலாவியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர். அந்தக் கை எப்படியிருக்கும் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உயர்தரப் பரீட்சையின், அதாவது பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற பரீட்சையின், பெறுபேறு வந்த நாள். புத்தளத்துக் கரைத்தீவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நானாவின் போனைச் சுற்றி நின்றோம். நானா என்றால் என் மூத்த சகோதரன். என் சுட்டெண்ணை அவன்தான் போட்டான். நெட் இழுக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி முருங்கை மரத்தடிக்கும் கிணற்றடிக்கும் நடந்தான். பிறகு நின்றான்.

"பயோ, ஏ" என்றான்.

வாப்பா அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

"கெமிஸ்ட்ரி, பி."

உம்மா குசினி வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தா. நானா அடுத்ததை வாசிக்கவில்லை. போனை வாப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். வாப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த எழுத்து தெரியும். எங்கள் பக்கத்தில் அந்த எழுத்தைத் தெரியாத ஆள் இல்லை.

முதல் அடி காதில் விழுந்தது. நான் கதவு நிலையில் மோதி விழுந்தேன். எழும்பும் முன் இடுப்பில் மிதி விழுந்தது. பிறகு கதவுக்கு முட்டுக் கொடுக்கிற தடியை எடுத்தார். ஒன்றும் பேசாமல்தான் அடித்தார். அதுதான் பயம். திட்டிக்கொண்டு அடிக்கிற ஆள் களைத்துப்போய் நிறுத்துவான். பேசாமல் அடிக்கிறவன் நிறுத்த மாட்டான். உம்மா குறுக்கே வந்து விழுந்தா. அவவின் முழங்கையில் ஒரு அடி பட்டது. அவ குசினிக்குள் ஓடினா. ஓடிப்போய்விட்டா என்றுதான் நினைத்தேன். திருவலையோடு திரும்பி வந்தா. தேங்காய் துருவுகிற அந்த இரும்புப் பல்லை வாப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தா.

"இன்னும் ஒரு அடி விழட்டும். உங்கட மண்டையத் துருவிப் போடுவன்."

வாப்பா தடியைப் போட்டார். நானா சிரித்தான். எல்லாவற்றையும் விட எனக்குக் கூடுதலாக எரிந்தது அந்தச் சிரிப்புத்தான்.

அந்தத் திரையில் இருந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று பாடத்துக்கு மூன்று எழுத்து. அதற்குக் கீழே தரப்படுத்துகிற இசட் புள்ளி, மாவட்ட நிலை, நாடு முழுவதற்குமான தீவு நிலை என்று மூன்று இடம். மற்றவர்களுக்கு அங்கே எண்கள் இருக்கும். எனக்கு வெறும் கோடு. பூச்சியம் கூட இல்லை. பூச்சியம் என்றால் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோடு என்றால் கணக்கிலேயே எடுக்கவில்லை.

எங்கள் வேலிக்கு அடுத்த வேலியில் ஒரு பிள்ளை இருந்தாள். என் வயதுதான். அவளுக்கு மூன்றிலும் எஸ். அதாவது மூன்றிலும் சாதாரண சித்தி, ஆகக் கடைசி எழுத்து. அவளுக்கு இசட் புள்ளி வந்திருந்தது. மாவட்ட நிலை வந்திருந்தது. பெரிய எண்தான், ஆனால் எண். அவளுடைய உம்மா தெருவுக்கே தொதல் கிண்டி இனிப்புக் கொடுத்தா. எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. என் புள்ளிகளைக் கூட்டினால் அவளுடையதை விடக் கூட. பயோவில் எனக்கு மிஞ்சிக் கிடந்ததில் கொஞ்சத்தைக் கிள்ளிப் பௌதிகத்தில் போட்டிருந்தாலே நானும் தாண்டியிருப்பேன். ஆனால் கிள்ளிப் போட விட மாட்டார்கள். ஒவ்வொரு பாடமும் தனித்தனியாகக் குறைந்தபட்சத்தைத் தாண்ட வேண்டும். அதுவும் மூன்றையும் ஒரே தடவையில். இந்த வருசம் இரண்டு, அடுத்த வருசம் ஒன்று என்று சேர்க்க முடியாது. ஒன்றில் விழுந்தால் மற்ற இரண்டும் குப்பை.

இது எனக்குப் பரீட்சைக்கு முன்னமே தெரியும். என் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்றும் சொல்ல முடியாது. அவர்களுக்கு வேறொரு கணக்குத் தெரிந்திருந்தது. அதை மன்னார்க் கணக்கு என்று சொல்வார்கள்.

வாப்பாவின் தம்பி, என் சாச்சா, பாலாவிச் சந்தியில் கடை வைத்திருந்தார். வாப்பாவை அவரும் நானா என்றுதான் கூப்பிடுவார். லொறிக்காரரும் பஸ்காரரும் நின்று தேத்தண்ணி குடிக்கிற கடை. ஊரில் உள்ள எல்லாக் கதையும் அங்கே வந்து போகும். அரைவாசி பொய். மன்னார் மாவட்டத்தால் எடுபட்டால் கொஞ்சப் புள்ளியோடேயே டொக்டர் ஆகலாம் என்று யாரோ அந்தக் கடையில் சொல்லியிருக்கிறான். அது முழுப்பொய் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது மாவட்டம் மாவட்டமாக எடுப்பார்கள். வசதி குறைந்த மாவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் ஒதுக்குவார்கள். எந்தப் புள்ளியோடு அந்த மாவட்டத்தின் இடங்கள் முடிகிறதோ அதுதான் வெட்டுப்புள்ளி. அது இடத்துக்கு இடம் மாறும், வருசத்துக்கு வருசம் மாறும். சாச்சா இதில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தானே செய்துகொண்டார்.

எங்கள் ஆட்களுக்கு அது லேசாக நம்பக்கூடிய கதை. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு உடுத்த துணியோடு வந்தவர்கள் நாங்கள். நான் பிறந்தது புத்தளத்தில், ஆனால் வீட்டில் யாரும் என்னைப் புத்தளத்தாள் என்று சொன்னதில்லை. எங்களில் அரைவாசிப் பேருக்கு இரண்டு விலாசம். வாக்கு அங்கே, வேலை இங்கே. அங்கே காணியில் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் யாராவது ஒரு ஆளை இருத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாக்காளர் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்கள். எங்கள் கொட்டிலில் வாப்பாவின் சகோதரி, என் மாமி, இருந்தா. சாச்சா வந்து ஒரு நாள் சொன்னார்.

"புள்ளயையும் அங்க அனுப்புங்க. காணிக்கும் ஆளாச்சு, கெம்பஸுக்கும் வழியாச்சு."

"அங்க சயன்ஸ் படிப்பிக்க ஆள் இரிக்கா?" என்று உம்மா கேட்டா.

"அங்க எல்லாத்துக்கும் குறைச்சல் எடுத்தாப் போதும் மதினி. மன்னார்க் கணக்கு வேற."

அந்த மாவட்டத்துப் பிள்ளையாக எடுபட வேண்டுமானால் மூன்று வருசம் அங்கே படித்திருக்க வேண்டும். அதனால் ஓ.எல். என்கிற சாதாரணதரப் பரீட்சை எழுதும் முன்னமே என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். எலுவன்குளத்தால் மன்னாருக்கு நேரே போகிற காட்டுப் பாதை மூடியிருந்தது. அனுராதபுரத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். பஸ்ஸில் நான் வாந்தி எடுத்தேன். சாச்சா எனக்கு ஒரு தோடம்பழம் வாங்கித் தந்து, "டொக்டருக்கு வாந்தி வரப்படாது" என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பயோவுக்கு ஒரு டீச்சர் இருந்தா. தங்கமான மனுசி. கெமிஸ்ட்ரிக்கு ஒருவர் கிழமையில் இரண்டு நாள் வேறு பள்ளியிலிருந்து வந்தார். பௌதிகத்துக்கு யாரும் இல்லை. ஒருவர் வந்தார், மாற்றம் கேட்டுப் போய்விட்டார். பிறகு கணக்குப் படிப்பிக்கிற சேர் வந்து பழைய கொப்பி ஒன்றைப் பார்த்து வாசிப்பார். நாங்கள் எழுதுவோம். கேள்வி கேட்டால் கோபம் வரும். ஒரு நாள் நான் கேட்டேன். கொப்பியைச் சுருட்டி என் வாயில் அடித்தார். உதடு வெடித்தது. அந்த ரத்தத்தோடுதான் மின்னோட்டப் பாடம் முடிந்தது. அதில் ஒரு வரியும் எனக்கு விளங்கவில்லை.

பரீட்சைக்கு முந்திய பெரிய விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். புத்தளம் டவுனில் உடப்பூர் சேர் ஒருவர், இந்து ஆள், பௌதிகவியல் டியூசன் வைத்திருந்தார். ஓலைக் கொட்டில், மரப் பெஞ்சு, ஒரு கரும்பலகை. பொடியன்களும் பொம்பிளைப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து படிப்பார்கள். வாப்பாவிடம் கேட்டேன். ஆண் பிள்ளைகளோடு இருத்தி விட மாட்டேன் என்றார். உனக்கு மன்னார்க் கணக்குத்தானே, ஏன் இவ்வளவு பாடுபடுகிறாய் என்று நானா கேட்டான். நான் உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினேன். தையல் கிளாஸ் என்று வாப்பாவுக்குச் சொன்னோம்.

அந்தக் கொட்டிலில்தான் முதல்தடவையாகப் பௌதிகம் விளங்கியது. சேர் கெட்ட வாய்க்காரர். "டேய் கருவாடு, அம்பியர் எண்டா என்னடா, உன்ட மச்சானா?" என்று கேட்பார். ஆனால் விளங்கும் வரைக்கும் விட மாட்டார். எனக்கு மின்னோட்டம் விளங்கத் தொடங்கிய கிழமையில் நானா வந்தான்.

அவன் களப்பில் மீன் ஏலக்காரரோடு வேலை செய்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேர் பலகைக்குத் திரும்பி எழுதிக்கொண்டிருந்தார். நானா உள்ளே வந்து என் பர்தாவோடு சேர்த்துத் தலைமயிரைப் பிடித்து பெஞ்சிலிருந்து இழுத்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க என் முகத்தில் இரண்டு தரம் அறைந்தான்.

"தையல் பழகுறியாடி? இதா தையல்?"

சேர் வந்து அவன் கையைப் பிடித்தார். "தம்பி, வெளிய போய்க் கதைப்பம். இது கிளாஸ்."

"நீ ஆருடா எனக்குச் சொல்ல? உடப்புல இருந்து வந்து எங்கட பிள்ளைகள இருத்தி வெச்சு..."

அதற்கு மேல் அவன் சொன்னதை எழுத மாட்டேன். சேர் அவனைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார். நானா திரும்பி வாயில் குத்தினான். சேரின் முன்பல் ஒன்று உடைந்து மேசையில் விழுந்தது. உடனே பொடியன்கள் எழும்பினார்கள். நானாவைச் செம்மையாகச் சாத்தினார்கள். செருப்பால், கொம்பாசுப் பெட்டியால், பெஞ்சுக் காலால். ஒரு பொடியன் படம் வரைகிற ரி ஸ்கொயர்க் கட்டையால் முதுகில் வெட்டினான். நான் தடுக்கவில்லை.

அடுத்த நாள் நானா ஏலத்துப் பொடியன்களோடு போய் கொட்டிலின் ஒரு பக்கத்தைப் பிரித்து எறிந்தான். பெஞ்சை உடைத்தான். கரும்பலகையை நடுவால் பிளந்தான். பொலிஸ் வரை போய் பள்ளிவாசல் ஆட்கள் பேசிச் சமாதானமாகியது. நான் போய்க் கொட்டில் வாசலில் நின்றேன். சேர் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"மகள், உன்ட மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நீ வந்தா என்ட கொட்டில் நிக்காது. போ."

நான் போனேன். வடக்கே திரும்பிப் போய்ப் பரீட்சை எழுதினேன். பல்தேர்வு வினாக்களில் ஏதோ கோடு போட்டேன். அமைப்புக் கட்டுரை வினாக்களில் பாதித் தாள் வெள்ளை. மண்டபத்தில் இருக்கும்போதே விழுந்துவிட்டேன் என்று தெரியும். வெளியே வந்தபோது சாச்சா போனில், "லேசா மகள்? லேசாத்தான் இரிக்கும், அங்க எல்லாம் லேசு" என்றார். போனை அணைத்துவிட்டேன்.

இப்போது அடி விழுந்த நாளுக்குத் திரும்பி வருகிறேன். அன்று பின்னேரம் சாச்சா வந்தார். என் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கதிரையில் இருந்துகொண்டு போனை வாங்கிப் பார்த்தார். பிறகு மேசையில் குத்தினார்.

"பிழை பண்ணிப்போட்டானுகள்! இவளுக்குப் புத்தளக் கணக்குல போட்டிரிக்கானுகள். மன்னார்க் கணக்குல போட்டிருந்தா இது பாஸ்!"

வாப்பாவின் முகம் மாறியது. "அப்படியா?"

"ஓம் நானா. பிறந்த இடம் புத்தளம் எண்டு இரிக்கில்ல, அதால. மீள்பரிசீலனைக்குப் போடுவம். விசயத்தை விளங்கப்படுத்தி எழுதினா மாத்திக் குடுப்பானுகள்."

"அப்படி ஒண்டும் இல்ல" என்றேன். "எஃப் எண்டா எல்லா இடத்துக்கும் எஃப்."

"வாயப் பொத்து" என்றார் வாப்பா.

அன்றே சாச்சா இன்னொன்றும் சொன்னார். கற்பிட்டியில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான், மீன் லொறி ஓட்டுகிறான், மீள்பரிசீலனை சரிவராவிட்டால் அந்தப் பக்கம் கதைப்போம் என்றார். நானா உடனே தலையாட்டினான். அவனுக்கு அந்த லொறிக்காரனைத் தெரியும். கை கொடுத்து வாக்கும் கொடுத்துவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். இன்னொரு தடவை எழுத வேண்டும், பௌதிகம் படிப்பிக்க ஒரு ஆளோடு எழுத வேண்டும். அது அந்த வீட்டில் யாருடைய வாயிலும் வரவில்லை.

மீள்பரிசீலனைக்கு எப்படி எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியாது. டவுனில் அதெல்லாம் சரியாகத் தெரிந்த ஆள் உடப்பூர் சேர்தான் என்று கடையில் எல்லாரும் சொன்னார்கள். பல்லை உடைத்த வீட்டுக்காரர் அந்த ஆளிடமே போக வேண்டும். சாச்சா வெட்கமில்லாமல் போனார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். என் காதிலிருந்து சீழ் வடிந்தபடி இருந்தது.

கொட்டிலுக்குப் புது ஓலை போட்டிருந்தது. பலகையை ஆணி அடித்து ஒட்டியிருந்தார். நடுவில் பிளந்த கோடு தெரிந்தது. கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் பொடியன்கள் எழும்பி நின்றார்கள், மரியாதைக்கு இல்லை. சேர் கையைக் காட்டி அவர்களை இருக்கச் சொன்னார். சாச்சா விசயத்தைச் சொன்னார். மன்னார்க் கணக்கு, புத்தளக் கணக்கு, பிழையாகப் போட்டுவிட்டார்கள், மாற்ற வேண்டும். கொட்டில் முழுவதும் சிரித்தது. சேரும் சிரித்தார். பல்லில்லாத இடத்தால் காற்று வந்தது.

"காக்கா" என்று, அண்ணன் என்கிற மாதிரி, வாப்பாவைக் கூப்பிட்டார். "நீங்க உப்பு ஏத்துறதானே?"

"ஓம்."

"மூண்டு மூட்டை தராசுல வைக்கிறீங்க. ரெண்டு நிறை கூட. ஒண்டு குறைச்சல். கூட இரிக்கிறதக் கொண்டு குறைச்சலைச் சரிக்கட்டி ஏத்துவானா?"

"இல்ல. குறைஞ்ச மூட்டைய இறக்கச் சொல்லுவான்."

"கொழும்புக்குப் போற லொறிக்கு ஒரு நிறை, மன்னாருக்குப் போற லொறிக்கு வேற நிறையா?"

வாப்பா யோசித்தார். "இல்ல. மூட்டை எண்டா ஒரே நிறைதான்."

"அதுதான் சித்தி. நூறுக்கு முப்பத்தஞ்சு. நாடு முழுக்க ஒண்டுதான். நிறை சரியா இரிக்கிற மூட்டை எல்லாத்தையும் ஏத்தினதுக்குப் பொறகு, எந்த ஊருக்கு எத்தினை மூட்டை எண்டு பிரிப்பாங்களே, அதுதான் உங்கட தம்பி சொல்ற மாவட்டக் கணக்கு. இந்தப் புள்ளைட மூட்டை தராசத் தாண்டல்ல. பொறகு என்ன மன்னார், என்ன புத்தளம்?"

வாப்பா பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க பிசிக்ஸுக்கு ஆள் இருந்ததா?" என்று சேர் கேட்டார்.

"இல்ல" என்றேன் நான்.

"இங்க ரெண்டு கிழமை படிச்சா. விளங்கத் தொடங்கினது. பொறகு உங்கட மகன் வந்தாரு."

சாச்சா இடையில் பாய்ந்தார். "இவர் நம்மட ஆக்கள் மேல வர்மத்துல சொல்றாரு நானா. நாங்க கொழும்புல..."

அவர் முடிக்கவில்லை. வாப்பா திரும்பி அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தார். தூக்கினார் என்றே சொல்ல வேண்டும். மூட்டை தூக்குகிற மாதிரித் தூக்கி வெளியே மணலில் போட்டார். சாச்சாவின் சாரம் அவிழ்ந்து கொட்டிலுக்குள்ளேயே கிடந்தது. காற்சட்டையோடு எழும்பி ஓடப் பார்த்தார். வாப்பா காலைத் தட்டி விழுத்தி மேலே இருந்து அடித்தார். இந்தத் தடவை பேசிக்கொண்டு அடித்தார்.

"மூண்டு வருசம்! எண்ட புள்ளைய மூண்டு வருசம் காட்டுல வெச்ச! நான் அதுட காத உடைச்சன், உண்ட கதையால!"

"நானா, நானா, கடைல சொன்னாங்க நானா..."

"உண்ட கடைல நெருப்பு வெக்க!"

சேர் வாசலில் நின்று கத்தினார். "காக்கா, தெருவுல போய் அடிங்க. என்ட வேலிய உடைச்சிடாதீங்க. இப்பதான் கட்டினது."

பொடியன்கள் யன்னல் வழியாக எட்டிப் பார்த்து விசிலடித்தார்கள். சாச்சாவின் மூக்கிலிருந்து ரத்தம் மணலில் சொட்டியது. வாப்பா என் காதைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். என்னிடம் சொல்லவில்லை. அடிக்கும்போது சாச்சாவிடம் சொன்னார். அதற்குப் பிறகும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவர்கள் மணலில் உருளும்போது நான் சேரிடம் கேட்டேன்.

"சேர், நான் சோதனை திரும்ப எடுக்கணும்."

"மூண்டையும் எடுக்கணும். பிசிக்ஸ மட்டும் தனிய எடுக்க ஏலாது. உன்ட ஏ, பி எல்லாம் இதோட போச்சு. தெரியும்தானே?"

"தெரியும்."

"மாவட்டம் எதுவெண்டு பொறகு பாப்பம். முதல்ல தராசத் தாண்டு. உன்ட நானா வந்து என்ட மற்றப் பல்லையும் உடைச்சா?"

"வந்தா அவன்ட பல்ல நான் உடைப்பன் சேர்."

அவர் சிரித்தார். "பின் பெஞ்சுல இரு. முன்னுக்கு இருந்தா இழுக்க லேசு."

வீட்டில் நானா விடவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன், லொறிக்காரன் முகத்தில் எப்படி முழிப்பது என்றான். வாப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், வேலைக்கும் போகவில்லை. நான் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். நானா பையைப் பறித்தான். முற்றத்தில் சருகு கூட்டி எரித்துக்கொண்டிருந்த நெருப்பில் அதைக் கொட்டினான். பௌதிகவியல் கொப்பி முதலில் பிடித்தது. நான் கையை விட்டு எடுத்தேன். விரல் வெந்தது. பக்கத்தில் சைக்கிள் பம்ப் கிடந்தது. எடுத்து அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டேன். கத்திக்கொண்டு குனிந்தான். முதுகில் இன்னொன்று போட்டேன். அவன் என் கையைப் பின்னால் முறுக்கி முகத்தை மணலில் அமத்தினான். மூச்சு முட்டியது. வாயில் மண்.

"விடுடா" என்று உம்மாவின் சத்தம் கேட்டது. நானாவிடம் சொன்னது அந்த ஒரு சொல்தான். வாசலில் வந்து நின்ற வாப்பாவிடம் தொடர்ந்து பேசினா. "நீங்களும் தம்பியும் சேந்து பண்ணின பிழைக்கு இவள் மாப்பிள்ள எடுக்கணுமா? சொல்லுங்க. இல்லாட்டி நான் இண்டைக்கே இவளக் கூட்டிக்கொண்டு மன்னார்க் கொட்டிலுக்குப் போறன். நீங்களும் மகனும் சமைச்சுத் தின்னுங்க."

வாப்பா முற்றத்துக்கு இறங்கி வந்தார்.

"விடு" என்றார் நானாவிடம். "போகட்டும்."

"வாப்பா, நான் வாக்குக் குடுத்த..."

"நீ குடுத்தா நீ போய்க் கலியாணம் முடி அந்த லொறிக்காரன."

உம்மா சிரித்துவிட்டா. அந்தச் சிரிப்பில்தான் நானாவின் பிடி தளர்ந்தது. நான் எழும்பி, எரிந்தது போக மிஞ்சிய கொப்பியோடு பஸ்ஸுக்குப் போனேன்.

திரும்ப எழுதுவது என்பது மற்றவர்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கையில் இருந்த ஏயையும் பியையும் எறிந்துவிட்டுப் போக வேண்டும். பயோ படிக்கிற நேரத்தையெல்லாம் பௌதிகம் தின்றது. சேர் என்னைப் பின் பெஞ்சில் வைத்து மாட்டை அடிப்பது போல வேலை வாங்கினார். பொடியன்கள் எனக்குப் "பம்ப்" என்று பெயர் வைத்தார்கள். நானா ஒரு தடவை வாசல் வரை வந்தான். பொடியன்கள் ரி ஸ்கொயரை எடுத்துக்கொண்டு எழும்பினார்கள். போய்விட்டான். வீட்டில் அவன் என்னோடு கதைப்பதை நிறுத்தினான். சாச்சா எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்தினார். எனக்கு இரண்டும் சுகம்.

தனியார் பரீட்சார்த்தியாக எழுதினேன். அமைப்புக் கட்டுரையில் மின்னோட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. எழுதினேன். அழகாக எழுதவில்லை. தாண்டுகிற அளவுக்கு எழுதினேன்.

பெறுபேறு வந்த நாளில் யாருக்கும் போனைக் கொடுக்கவில்லை. உம்மாவின் போனில் நானே பார்த்தேன். வாப்பா கிணற்றடியில் நின்றார். நானா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பயோ பி. கெமிஸ்ட்ரி சி. பௌதிகவியல் எஸ்.

கூட்டிப் பார்த்தால் முந்திய தடவையை விடக் குறைவாகத்தான் வரும். முந்திய ஏ இப்போது பி, முந்திய பி இப்போது சி. ஆனால் கோடு இருந்த இடத்தில் எண் இருந்தது. இசட் புள்ளி ஒரு எண். மாவட்ட நிலை ஒரு எண். கூட எடுத்த வருசம் நான் யாருமில்லை. குறைய எடுத்த வருசம் எனக்கு ஒரு இடம். இந்தச் சட்டத்தைச் செய்தவன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான், ஆனால் அவன் யாரையும் ஏமாற்றவில்லை. தராசு எங்கே இருக்கிறது என்று எழுதித்தான் வைத்திருந்தான். எங்களை ஏமாற்றியது எங்கள் வாய்தான்.

"எஸ்" என்றேன். "மூண்டும் பாஸ்."

வாப்பா வாளியைக் கிணற்றுக்குள்ளேயே விட்டுவிட்டார். உம்மா வந்து என் தலையைப் பிடித்து நெஞ்சோடு அமத்தினா. நானா குனிந்தபடியே சைக்கிள் கம்பியைத் துடைத்தான். ஒரு வருசத்துக்குப் பிறகு என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான்.

"எஸ்ஸுக்குத்தானா இவ்வளவு ஆட்டம் போட்டாள்?"

வாப்பா நடந்து போய் அவன் கன்னத்தில் அறைந்தார். அந்த வீட்டில் நானாவுக்கு அதற்கு முன் அடி விழுந்ததில்லை, மூத்த ஆண்பிள்ளை. சைக்கிளோடு சேர்ந்து விழுந்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவன் வாப்பாவைப் பார்த்த பார்வையில் வலியை விட ஆச்சரியம்தான் கூட. நல்ல பிள்ளைகள் இந்த இடத்தில் கவலைப்பட்டதாக எழுதுவார்கள். நான் கவலைப்படவில்லை. எனக்கு நல்ல சந்தோசமாக இருந்தது. இன்னொன்று விழாதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு உள்ளே போய் சேருக்குப் போன் எடுத்தேன்.

"எஸ் சேர்."

"சரி, துள்ளாதே" என்றார். "வெட்டுப்புள்ளி வர இன்னும் மாசக்கணக்கு இரிக்கு."